உலகம்மையின் சரக்குக் கப்பல்

11 பிப்ரவரி 1974, திங்கள்

இத்தனை நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள் சந்தனம். பாப்பா இப்போதுதான் கண் மூடினாள் —

பார், கடிதம் மாதிரி ஆரம்பித்துவிட்டேன். இது டயரி. யூனியன் ஆபீஸில் இவருக்குக் கிடைத்தது, எனக்குத் தந்தார். புதுசு என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிவைக்கிறேன். பின்னால் பாப்பா எடுத்துப் படித்தால் அம்மாவுக்குக் கிறுக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

மதுரையில் விடுதியில் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த ஆட்டம் இது. இல்லாத ஒரு கடல், அதில் இல்லாத சில தீவுகள். ஆளுக்கு ஒரு வேஷம். நாகமணி மிளகாய் வத்தல் வியாபாரி. நான் உலகம்மை, கப்பல் கட்டி ஓட்டுகிறவள். சந்தனம்மாளுக்கு வேஷம் கிடையாது. அவள்தான் கடல், காற்று, கொள்ளைக்காரன், துறைமுக அதிகாரி எல்லாம். நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வோம். அவள் தாயக்கட்டையை உருட்டி என்ன ஆயிற்று என்று சொல்வாள். படிப்பு முடிந்தது. நாகமணி அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் பாளையம்பட்டியில் டீச்சர். சந்தனம் தூத்துக்குடியில் ஒரு காலேஜ் லேபில். நான் திருச்சுழியில் யூனியன் ஆபீஸ் கிளார்க்கின் பெண்டாட்டி. ஆட்டம் மட்டும் விடவில்லை, தபாலில் நடக்கிறது.

ஆட்டத்தில் காற்று நிஜக் காற்றோடு சேர்ந்துதான் வீசும். சந்தனத்தின் சட்டம். சித்திரை முடிந்தால் கடல் மூடிவிடும், ஆவணிக்கு மேல்தான் திறக்கும். அதற்குள் நான் படமும் கணக்கும் போட்டு அனுப்புகிற கப்பல் அவள் பரிசோதனையில் தேறி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் உலகம்மை கரையில் கிடக்க வேண்டியதுதான். போன வருஷமும் அவள் கரையில்தான் கிடந்தாள், பாப்பா என் வயிற்றில் இருந்தாள்.

நிஜத்தில் இந்த ஒற்றை அறை. ஆட்டத்திலும் கரையா? அது மட்டும் முடியாது.

12 பிப்ரவரி

பாப்பா மூச்சு விடுகிறாளா என்று விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். விடுகிறாள். மறுபடியும் பார்த்தேன்.

17 பிப்ரவரி, ஞாயிறு

இவருக்கு இன்று லீவு. கப்பல் படத்தை விரித்து வைத்திருந்தேன். அறுபது அடி நீளம், பதினாறு அடி அகலம், ஒரே பாய்மரம். நடுவில் சரக்கறை, பின்னால் சமையல். வத்தலும் கருப்பட்டியும் ஏற்றலாம். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"முதலாளியம்மா, ஆளுக எங்க படுப்பாக?"

அதை யோசிக்கவே இல்லை! பதினோரு பேருக்குச் சோறு போட அடுப்பு வரைந்தேன், படுக்க இடம் விடவில்லை.

"சரக்கு மேலயே படுத்துக்குவாக," என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"வத்தல் மூட மேலயா? ராத்திரி பூராம் தும்மிக்கிட்டே கெடப்பானுவ. கப்பலு காத்தே இல்லாம போயிச் சேந்துரும்."

சிரித்துச் சிரித்துப் பாப்பாவை எழுப்பிவிட்டோம். வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "பச்சப் புள்ளக்காரி படம் போடுறா, இவன் பல்லக் காட்டுறான்," என்று புளியிடம் சொன்னார்கள்.

படுக்க இடம் வைத்தாயிற்று. முன்பக்கம், இரண்டு அடுக்காக. சந்தனம் பதினோரு பேருக்கும் பெயரும் குணமும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் தனியாகக் கட்டை உருட்டுவாளாம். கப்பலை நடத்துகிற தண்டல் காசிராஜன், வாய் பேசாதவர். சமையல்காரன் சோணைமுத்து, நீந்தத் தெரியாதவன், வீட்டில் கைக்குழந்தை. எதற்கெடுத்தாலும் பயப்படுவான்.

யாரைப் பார்த்து எழுதினேன் என்று சந்தனத்துக்குத் தெரிந்துவிடும்.

26 பிப்ரவரி

பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. நாலு நாள். கண் உள்ளே போய்விட்டது. அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். தண்ணி கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். எந்தத் தண்ணி? ஊருணி வற்றியாயிற்று. கிணறு உப்பு. குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு, ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் — அதுவரை இவள் —

கப்பலாம் கப்பல்.

1 மார்ச்

இன்று கஞ்சித் தண்ணி தங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தை மூன்று ராத்திரி தூங்கவில்லை. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

10 மார்ச், ஞாயிறு

பெரிய ரகளை.

பால்பவுடர் டின்னை வெட்டித் தகரத்தில் கப்பல் மாதிரி ஒன்று செய்தேன். கணக்கில் வந்த அளவு தண்ணீரில் அமிழ்கிறதா என்று பார்க்க வேண்டும். எதில் விடுவது? வீட்டில் இருப்பது ஒரே அண்டா. கையை நன்றாகக் கழுவிவிட்டு, தகரத்தையும் புளிபோட்டுத் தேய்த்துவிட்டுத்தான் விட்டேன். மிதந்தது! ஒரு பக்கம் விரலால் அழுத்திவிட்டால் துள்ளி நிமிர்ந்தது. பாப்பாவைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்கும் சந்தோஷம். இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தாள்.

அத்தை வந்துவிட்டார்கள்.

"ஏத்தா! குடிக்கிற தண்ணியிலயா வெளாட்டு? ஆத்துல போயிக் கெடந்து நான் மொண்டுக்கிட்டு வாரேன், நீ கப்பலு விடுறியா கப்பலு? காலேசுல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

"சிந்தலத்தே. ஒரு சொட்டுகூடச் சிந்தல."

"ஒன் மக மொகத்துல வழியிறது என்ன, பன்னீரா?"

முந்தானையால் பாப்பா முகத்தைத் துடைத்தேன். நியாயம் அவர்கள் பக்கம். ஆனால் தகரத்தை எடுத்துத் தெருவில் எறிந்தார்களே, அது நியாயமா? இந்த வீட்டில் எனக்கு என்று இருந்தது அந்தத் தகரம். வெளியே போய் எடுத்துக்கூட வரவில்லை. யாராவது பார்ப்பார்கள்.

ராத்திரி படத்தை எடுத்து முதல் வேலையாகத் தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கினேன். இரண்டு மடங்கு. கப்பலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே தொட்டி, மேல்தட்டில், குழாயைத் திறந்தால் கொட்டுகிற மாதிரி. என் கப்பலில் ஒருத்தனும் தண்ணிக்குத் திட்டு வாங்கக் கூடாது. சோணைமுத்து இஷ்டத்துக்கு மொண்டு குடிக்கட்டும், குளிக்கட்டும்.

மேலே கனம் கூடியதால் அடியில் கல் பாரம் சேர்த்தேன். திரும்பவும் முழுக் கணக்கு. சாய்ந்தால் நிமிர்கிறது.

19 மார்ச்

அனுப்பியாயிற்று. கணக்குத் தாள், படம், பதினோரு பேர் விவரம். கவர் கனத்துவிட்டது. தபாலாபீஸில் எடை போட்டவர், "என்னம்மா, பரீட்ச பேப்பரா?" என்றார். ஆமாம் என்றேன்.

20 மார்ச்

இன்று ஒன்றும் இல்லை. புழுக்கம். துணி, சோறு, துணி.

28 மார்ச்

தபால்காரர் நம் வரிசை வீடுகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார். கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். வாசலில் நின்றால் "யார எதிர்பாக்குற?" என்பார்கள்.

3 ஏப்ரல், புதன்

தேறிவிட்டது!!

சந்தனம் சிவப்பு மையில் துறைமுக முத்திரை வரைந்து அனுப்பியிருக்கிறாள். "கப்பல் கடலுக்குத் தகுதி. சித்திரை பதினைந்தில் புறப்படலாம்." கீழே சின்ன எழுத்தில்: "ஏட்டி மாரிக்கனி, இது சரக்குக் கப்பலா, தண்ணி லாரியா? தொட்டி முழுக்க நிரப்பி நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போ."

என் பெயரை இப்படி முழுதாகக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. இங்கே நான் "ஏத்தா", "இந்தா", "பாப்பா அம்மா".

இவரிடம் காட்டினேன். "பாஸா? எத்தன மார்க்கு?" என்றார். முத்திரையைத் தொட்டுப் பார்த்தார்.

7 ஏப்ரல், ஞாயிறு

நாகமணி அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தாள், கையில் சேவுப் பொட்டலம். அத்தைக்கு அவளைப் பிடிக்கும், கும்பிடு போட்டுப் பேசுவாள் என்பதால். எங்களைக் கொஞ்ச நேரம் விட்டார்கள்.

"ஏலே உலகம்மை! வத்தல் பூராம் ஒங் கப்பல்லதான் ஏத்தப் போறேன். நனைஞ்சு வந்துச்சு, தொலைச்சிருவேன் தொலைச்சு."

"ஒன் வத்தல் எங் கப்பல்ல வார்றதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்."

"வாயப் பாரு. தண்டலு காசிராஜனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஏன், கேட்டு விடவா?"

"வாய் பேசாதவருன்னு எழுதியிருக்கியே. எனக்கு அப்படி ஆளுதான் வேணும்."

நாகமணிக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அதைப் பற்றி அவள் அதற்கு மேல் சொல்லவில்லை.

புறப்பாட்டுக்கு இன்னும் மூன்று வாரம். எந்தப் பக்கம் பார்த்தாலும் கடலாக இருக்குமாம். எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது. கடலை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், காலேஜ் டூரில், பஸ் ஜன்னல் வழியாக.

16 ஏப்ரல், செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். மெல்ல எழுதுகிறேன்.

காலையில் அத்தைக்கு இடுப்புப் பிடிப்பு. ஆற்றுக்கு நான் போனேன். குடம் அடி ஒழுகுகிறது என்று அண்டாவையே எடுத்துப் போனேன், அகல வாய் அண்டா. ஊற்றில் எனக்கு முன்னால் நல்ல கூட்டம். என் முறை வரும்போது தண்ணி ஊறவே இல்லை. அண்டா பாதிகூட நிறையவில்லை. சரி என்று தலையில் ஏற்றினேன்.

பாதி அண்டா நிறை அண்டாவை விட மோசம். ஒரு எட்டு வைத்தால் தண்ணி எல்லாம் இடது பக்கம் ஓடுகிறது, கழுத்தை இழுக்கிறது. நிமிர்த்தினால் வலது பக்கம் ஓடி அந்தப் பக்கம் இழுக்கிறது. மணல் மேட்டில் ஏறும்போது விழுந்திருப்பேன். இறக்கிவைத்து, எல்லாரும் செய்கிற மாதிரி வேப்பங்கொப்பு ஒடித்து உள்ளே போட்டேன். அலைச்சல் நின்றது. தூக்கினேன். நடந்தேன்.

பாலத்துக்கிட்ட வந்தபோதுதான் — என் கப்பலிலும் ஒரு அண்டா இருக்கிறதே!

பதினாறு அடி அகல அண்டா. மேல்தட்டில்.

நிறைந்திருந்தால் அது கல் மாதிரி அசையாது. ஆனால் நாலாம் நாள்? சோணைமுத்து மொண்டு மொண்டு பாதியாகிவிட்ட பிறகு? கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் அத்தனை தண்ணியும் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். எங்கே நிமிர?

நான் முழுத் தொட்டிக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறேன். சந்தனமும். அவளுக்குத் தண்ணி குழாயில் வருகிறது, அவள் யோசிக்கவில்லை. நான் ஏன் யோசிக்கவில்லை? அந்தத் தொட்டி குறைவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் நிஜம்.

17 ஏப்ரல்

பாதித் தொட்டியோடு கணக்குப் போட்டேன். பலத்த காற்று அடித்தால் கவிழ்கிறது. மூன்று தடவை போட்டுவிட்டேன்.

நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் தண்ணியின் இழுப்பு கால் பங்காகக் குறைகிறது. அது போதாது. தொட்டியையே எடுத்துவிட்டு, குறுகலான பீப்பாய்களாகச் செய்து அடியில் வைத்துக் கட்டிவிட்டால் நிற்கும். ஆனால் அப்படிச் செய்தால் சரக்கறை போச்சு, கல் பாரம் மாறும், முழுக் கப்பலும் மாறும். மாறிய கப்பல் புதுக் கப்பல் என்பது சந்தனத்தின் சட்டம். மறுபடியும் முதலிலிருந்து பரிசோதனை. சித்திரை போய்விடும்.

சொல்லாமல் இருந்தால்?

கட்டையில் லேசான காற்று விழுந்தால் ஒன்றும் ஆகாது. பாதிக்குப் பாதி அப்படித்தான் விழும்.

19 ஏப்ரல்

இல்லாத கப்பல். இல்லாத ஆட்கள். தாளில் எழுதிய பெயர். எதற்கு இப்படி அந்தக் கணக்கையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்?

சாயங்காலம் பாப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கும்போது சோணைமுத்துவின் குழந்தைக்கு நான் பெயர் வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. வைத்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

21 ஏப்ரல், ஞாயிறு

நாகமணி வந்தாள். சொல்லிவிட்டேன். வேப்பங்கொப்பு, பாதி அண்டா, எல்லாம். அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவளும் தண்ணி சுமந்தவள்தான்.

வாசலில் அத்தை இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, "சந்தனத்துக்குத் தெரியாதுல்ல?" என்றாள்.

"தெரியாது."

"அப்ப யாருக்குத் தெரியப்போவுது? அவ பாஸ் போட்டா. நீ கேட்டியா?"

"கவுந்தா ஒன் வத்தலும் போயிரும்."

"போனாப் போகட்டும் பிள்ள. அடுத்தாப்ல கடலு தெறக்கும்போது எனக்கு ஆட்டம் இருக்கோ இல்லையோ. ஆவணியில முகூர்த்தம் பாக்காக. அதுக்குப் பெறகு எந்த வீடோ, கடுதாசி எழுத விடுவாகளோ மாட்டாகளோ. இந்த ஒரு தடவ கடல்ல போயிட்டு வந்துருவோம்னு பாத்தேன்."

அவள் மாதிரிதான் நானும். அவளுக்கு இந்த ஒரு பயணம், எனக்கும் இதுதான்.

பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

22 ஏப்ரல், திங்கள்

எழுதிப் போட்டுவிட்டேன். "சந்தனம், கப்பலை நிறுத்து. தொட்டி குறையும்போது கவிழும். கணக்கு இத்துடன். தப்பு என்னுடையது. ஒருத்தரையும் ஏற்றாதே. நாகமணி சரக்கை வேறு கப்பலில் அனுப்பு."

பெட்டியில் போட்டபின் கையை உள்ளே விட்டு எடுத்துவிடலாமா என்று இருந்தது.

24 ஏப்ரல்

இவரிடம் நேற்றுச் சொன்னேன். நம்பவில்லை.

"பாஸான பரீட்சைய நீயே பெயிலாக்கிட்டியா? எங்க ஆபீஸ்ல ஒரு பய செய்ய மாட்டான்."

அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "என்னவாம்?" என்றார்கள். இவர் சொன்னார், கப்பலில் தண்ணித் தொட்டி பாதியானால் கவிழ்ந்துவிடும் என்று மருமகள் கண்டுபிடித்தாளாம், வேப்பங்கொப்பைப் பார்த்து.

"இது தெரியாமயா கப்பலு கட்டுனா?" அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்கள். "கொப்பு ஒடிச்சுப் போட்டா நிக்கப் போவுது. கடல்ல வேப்பமரம் இல்லாக்காட்டி ஏத்திக்கிட்டுப் போறது."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு, பாத்திரம் கழுவும்போது, வந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது.

28 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை பதினைந்து. இன்று புறப்பட்டிருக்க வேண்டும். பாப்பா முதல்முதலாகச் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். விழுந்துவிடுவாள் என்று பிடிக்கப் போனேன். தானே உட்கார்ந்துகொண்டாள்.

2 மே, வியாழன்

சந்தனத்தின் பதில் வந்தது. சட்டம் சட்டம்தான்: புதுக் கப்பல், ஆவணிக்கு மேல்தான். நாகமணியின் வத்தல் வேறு கப்பலில் நாலு நாளுக்கு முன்னால் போய்விட்டது. நாகமணியும் கூடப் போயிருக்கிறாள். அதைப் படித்ததும் மூச்சு வந்தது. அவளாவது கடலில் இருக்கிறாள்.

கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "இங்கே பாய் கட்டிச் சரக்கு ஏற்றிப் போகும் நிஜத் தோணிகளும் இனிமேல் ஓடாது. காற்றுக்காலம் முடியும்வரை கரைப்பக்கம் கொண்டுவந்து கட்டிப்போட்டு மராமத்துப் பார்ப்பார்கள். உன்னைப் போல அவையும் சும்மா நிற்கப்போகின்றன."

இதை நாலைந்து தடவை படித்தேன்.

5 மே, ஞாயிறு

நாளை தாளில் பார்த்து எழுதிப் போடுவதற்கு இதை இங்கேயே எழுதிக்கொள்கிறேன்.

அன்புள்ள சந்தனம், தோணி கரையில் நின்றால் உள்ளே ஏறிப் பார்க்கலாம்தானே? அதில் தண்ணியை எங்கே வைக்கிறார்கள், எதில் வைக்கிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமல் இனி ஒரு கோடும் போட மாட்டேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். அவள் இப்போது கஞ்சி குடிக்கிறாள், பயமில்லை. பயம்தான், ஆனால் வருகிறேன்.

இன்று இவரிடம் கேட்டுவிட்டேன். அத்தை இருக்கும்போதே கேட்டேன். "பாப்போம்" என்றார். இந்த வீட்டில் "பாப்போம்" என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அத்தை "எதுக்கு?" என்று கேட்கவில்லை. "அங்கிட்டு நல்ல தண்ணி கெடைக்குமா புள்ளைக்கு?" என்றுதான் கேட்டார்கள்.

அதனால் இந்தத் தடவை எனக்கு எழுதாதே. கவரில் இவர் பெயரைப் போடு, மரியாதையாக, திரு. சீனிச்சாமி அவர்கள் என்று. இவர், நான், பாப்பா மூன்று பேரையும் வரச் சொல்லிக் கூப்பிடு. எந்த ஞாயிறு உனக்கு வசதி என்று தேதி போட்டு எழுது. உன் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணி வருகிறது என்பதையும் எழுது. "பாப்போம்" பழசாகிவிடுவதற்கு முன்னால் வந்து சேர வேண்டும். சீக்கிரம் பதில் போடு.